பாட்டியின் கைவேலைத் துணிகளை இன்றைய வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

நாகர்கோவிலில் மிஷன் பள்ளியில் படித்த உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து பூவேலை செய்த தலையணை உறைகள், குரோஷா மேசை விரிப்பு, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போட்ட கட்டில் விரிப்பு, பாசிமணி கோத்த மயில் படம், சில லேஸ் துண்டுகள் ஆகியவை கிடைத்திருப்பதாகவும், அவற்றில் சில பழுப்பேறியும் துருக்கறை பட்டும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் உள்ள உங்கள் அடுக்குமாடி வீட்டில் இவற்றைக் குஷனாகவும் திரையாகவும் சுவர்ப்படமாகவும் மாற்ற விரும்புகிறீர்கள். தையற்காரரிடம் வெட்டித் தைக்கக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கத்தரிக்கோலைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இத்தகைய துணிகளில் செய்யும் எந்த வேலையும், நாளை உங்கள் மகளோ மருமகளோ பிரித்துப் பார்த்தால் துணி பழைய வடிவில் கைக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறேன். எந்தத் துணி வீட்டின் எந்த இடத்துக்குப் போகலாம் என்பதை அதன் அழகை வைத்து முடிவு செய்யாமல் அதன் உறுதியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெள்ளைப் போர்வை ஒன்றின் மேல் விரித்து, பகல் வெளிச்சத்தில் முன்புறமும் பின்புறமும் பாருங்கள். நூல் எங்கே முடிகிறது, எங்கே அவிழத் தொடங்கியிருக்கிறது, மங்குவதற்கு முன் நிறம் எப்படி இருந்தது என்பதெல்லாம் பின்புறத்தில்தான் தெரியும். துணியை இரு கைகளாலும் தாங்கிச் சன்னலுக்கு எதிரே பிடித்தால், இழை தேய்ந்த இடங்களில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவுவதைக் காணலாம். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த துணி அந்த மடிப்புக்கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும் என்பதால், மடிப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். ஓரத்தில் மறைவாக உள்ள இழை ஒன்றை விரலால் மெல்ல நெருடும்போது அது தூளாக உதிர்ந்தால், அந்தத் துணி இனி எடையையோ உராய்வையோ தாங்காது. அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கலாம், குஷனாக்கக் கூடாது. இந்தப் பரிசோதனைக்கு ஒரு முழுப் பகற்பொழுதை ஒதுக்கினால்கூட அது வீணாகாது.

லேஸ் துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பாட்டி படித்த ஊருக்கு அதில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு அடிமைநிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, தேரிக்காட்டு ஓரத்து அந்தச் சிற்றூரிலும் லேஸ் வேலை வேரூன்றியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாம் நினைவுகூரும் வீட்டில், அதே காலத்தில், ஊர்ப் பெண்கள் பலருக்குப் பிழைப்பாக மாறிய இந்தக் கலையும் வளர்ந்தது என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. 1897இல் பெல்ஜியத்துத் துறவியான மேரி லூயிஸ் தெ மெஸ்டர் வந்து சேர்ந்த, குமரி மாவட்டத்து முளகுமூட்டுக் கன்னியர் மடமும் லேஸ் வேலைக்குப் பெயர்பெற்றது.

உங்களிடம் இருப்பவை அந்த மரபைச் சேர்ந்தவையா, குரோஷா ஊசியால் பின்னப்பட்டவையா என்பதை ஒரு பூதக்கண்ணாடியால் நீங்களே கண்டறியலாம். குரோஷாவில் ஒவ்வொரு தையலும் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழைந்த சங்கிலியாகத் தெரியும். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை முறுக்கியும் குறுக்கே மாற்றியும் பின்னிய லேஸிலோ கண்ணிகளே இருக்காது. சில இடங்கள் மெல்லிய தறித்துணி போலவும் சில இடங்கள் மிக நுண்ணிய சடை போலவும் இருக்கும். இந்தத் திண்டு லேஸை நடுவில் வெட்டினால் எல்லா நூல்களும் ஒரே சமயத்தில் அவிழத் தொடங்கும். அதனால் குறுகிய துண்டாக இருந்தாலும் அதை முழு நீளமாகவே வைத்து, கருநீல அல்லது அடர்பச்சைப் பருத்தித் துணியின் மேல் ஒற்றை இழையால் அங்கங்கே பிடித்துத் தைத்துச் சட்டமிடுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளை லேஸை அப்படியே மாட்டினால் அதன் வேலைப்பாடு கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது சலவை. பாசிமணி வேலையையும் ஜரிகை கலந்ததையும் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். மற்றவற்றில், நனைத்த வெள்ளைப் பஞ்சு ஒன்றை ஒவ்வொரு நிற நூலின் மேலும் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். முன்புறத்தில் ஒட்டாத சாயம் பின்புறத்தில் ஒட்டலாம் என்பதால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் கறுப்புமே பெரும்பாலும் ஏமாற்றும். ஒரே ஒரு நிறம் கசிந்தாலும் அந்தத் துணியைத் தண்ணீரில் போடாமல், கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்துத் தூசியுறிஞ்சியைக் குறைந்த விசையில் ஓட்டித் தூசியை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூலின் இயல்பும் முக்கியம். பருத்தி நூல் நனைந்தால் உலர்ந்த நிலையைவிடச் சற்று உறுதியாகும். பட்டுப் போல மினுமினுக்கும் ரேயான் நூலோ நனைந்தவுடன் தன் உறுதியில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். மினுப்பு அதிகமாகவும் கைக்கு வழுக்கலாகவும் இருக்கும் பழைய நூலை ரேயான் என்றே எண்ணிக்கொண்டு எச்சரிக்கையாக இருங்கள்.

சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணியை, அகலமான தொட்டியில் கொசுவலையின் மேல் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சோப்பின்றியே ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அது துணியில் சேர்ந்திருந்த அமிலமும் அழுக்கும் வெளியேறுவதன் அறிகுறி. தண்ணீரை மாற்றி மாற்றி, அது தெளிந்த பிறகு, வெளுப்பான் கலக்காத மிதமான திரவச் சோப்பு சில சொட்டு போதும். பூந்திக்கொட்டை நிறமுள்ள துணிகளுக்கு நல்லதே. வெள்ளையில் அதன் பழுப்புச் சாயல் தங்கக்கூடும். துணியைக் கசக்கவோ பிழியவோ தூக்கவோ கூடாது. வலையின் நான்கு மூலைகளையும் பிடித்து வலையோடு எடுத்தால் ஈரத்தின் எடை துணியின் மேல் விழாது. சென்னையின் போர் தண்ணீரில் உப்பும் பல இடங்களில் இரும்பும் இருப்பதால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள். துண்டின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். சொட்டு நீலம் பழுப்பை மறைக்கும், போக்காது. கஞ்சி போட்டு எடுத்துவைத்தால் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதைத் தின்ன வந்து கூடவே நூலையும் தின்னும்.

துருக்கறை பெரும்பாலும் பெட்டியின் தகரத்திலிருந்தோ குத்திவைத்த ஊக்கிலிருந்தோ வந்திருக்கும். அதில் குளோரின் வெளுப்பானைப் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் படியும் என்பதோடு இழையும் அறுந்துபோகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைப்பது நம் வீடுகளில் வழக்கமான முறை. அது உறுதியான வெள்ளைப் பருத்திக்கு மட்டும், சிறிது நேரத்துக்கு மட்டும், பிறகு நன்றாக அலசிவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பொருந்தும், ஏனென்றால் எஞ்சும் அமிலம் பருத்தியை அரிக்கும். துரு படிந்த இடத்தில் துணி ஏற்கெனவே வலுவிழந்திருக்கும்; அங்கே கறையை எடுத்தால் ஓட்டை மிஞ்சலாம். ஒரு பூவின் பக்கத்தில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் இருப்பது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை, அவற்றை விட்டுவிடவே நான் சொல்வேன்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தலையணை உறைகளில் பூவேலை பெரும்பாலும் ஒரு மூலையிலோ வாய் ஓரத்திலோதான் இருக்கும்: நூலை ஊசியில் பல சுற்றுச் சுற்றி இழுத்த புல்லியன் ரோஜாக்கள், அவற்றைச் சுற்றி லேசி டெய்சித் தையலில் இலைகள், காம்புத் தையலில் கொடி, அதன் கீழே ஒரு ‘ஸ்வீட் டிரீம்ஸ்’. அப்படிப்பட்ட ரோஜா ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள்; நடுவில் அடர்ந்த நிறத்தில் இரண்டு சுருள்கள், அவற்றை அணைத்தபடி நடுத்தர நிறத்தில் மூன்றோ நான்கோ, வெளிச்சுற்றில் மிக வெளிறிய நிறம் என்று, ஒரே சிவப்பின் மூன்று படிகளை வாங்கி வைத்துக்கொண்டு தைத்திருப்பார்கள். சில ரோஜாக்களில் கார்பன் தாள் வைத்து வரைந்த கோடு இன்னும் நூலுக்கு அடியில் எட்டிப்பார்க்கும். தையற்காரர்கள் இந்த மூலையை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்துக் குஷன் நடுவில் ஒட்டுத்துணியாக வைத்துத் தர முன்வருவார்கள். வேண்டாம். உறையை வெட்டாமலேயே அதனுள் அதைவிடச் சிறிய, நீளவாட்டான திண்டு ஒன்றைப் பூவேலை முன்புறம் வரும்படி நுழைத்து, மிஞ்சும் துணியைப் பின்புறமாக மடித்து நூலோட்டம் போட்டுவிட்டால், நாற்காலியில் முதுகுக்கு வைக்கும் நீளக் குஷன் தயார். நூலோட்டத்தை உருவினால் பாட்டியின் தலையணை உறை அப்படியே இருக்கும்.

திண்டுக்குத் தனியாக ஓர் உள்ளுறை தைத்துக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சானால் அதன் தூசியும் விதைத்துணுக்கும் பழைய துணிக்குள் இறங்காமலிருக்க அது கட்டாயம் தேவை. ஜிப் பல் உராயும் என்பதால் துணிப்பட்டன் அல்லது நாடா நல்லது. துணி மெலிந்திருந்தால், ஏற்கெனவே துவைத்துச் சுருக்கம் எடுத்த மல் துணியைப் பின்னால் முழுவதும் வைத்து, மெல்லிய ஊசியில் ஒற்றை இழையால் நெருக்கமாகப் பிடித்துத் தையுங்கள். அந்த இழை பழைய துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது. என்றாவது இழுபட்டால் அறுந்துபோவது நூலாக இருக்கட்டும், துணியாக வேண்டாம். விட்டுப்போன பூவை நிரப்புவதற்கு ஆங்கர் நூல் வாங்கும்போது, பின்புறத்துப் பளிச்சென்ற நிறத்தோடு ஒப்பிடாமல் முன்புறத்து மங்கிய நிறத்தோடு ஒப்பிடுங்கள். ஆறு இழையாக வரும் அந்த நூலைப் பிரித்து, பழைய தையலில் எத்தனை இழை ஓடுகிறதோ அத்தனையை மட்டும் கோத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்த குஷனும், தலையெண்ணெய் படும் சோபாவுக்கும் பிள்ளைகள் குதிக்கும் கூடத்துக்கும் உரியதன்று. படிக்கும் நாற்காலியிலோ விருந்தினர் அறையிலோ அது பல ஆண்டுகள் நன்றாக இருக்கும்.

குரோஷா விரிப்பை முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும். பெரிய விரிப்புகளில் பல, தனித்தனிச் சதுரங்களாகவோ வட்டப் பூக்களாகவோ பின்னப்பட்டுப் பிறகு இணைக்கப்பட்டவை. அந்த இணைப்புத் தையலைக் கண்டுபிடித்துவிட்டால், ஒரு கண்ணியைக்கூட அறுக்காமல் விரிப்பைப் பிரிக்கலாம், மீண்டும் சேர்க்கவும் செய்யலாம். உடன்பிறந்தவர்களுக்கு இடையில் ஒரே விரிப்பைப் பகிர வேண்டிய வீடுகளில் இதை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் ஆளுக்கு நான்கு பூக்கள் முழுமையாகக் கிடைக்கும். கத்தரித்துப் பகிர்ந்தால் எல்லார் கையிலும் அவிழும் துண்டுதான் இருக்கும். ஒரே வீச்சில் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னிய வட்ட விரிப்பை இப்படிப் பிரிக்க முடியாது. அதை யாராவது ஒருவர் முழுமையாக வைத்துக்கொள்ளட்டும். அறுந்த கண்ணி எங்கேனும் தெரிந்தால் உடனே துருப்பிடிக்காத ஊக்கால் பிடித்து வையுங்கள், பிறகு அதே பருமனுள்ள நூலால் குரோஷா ஊசி கொண்டு மீளப் பின்னலாம்.

திரையாகத் தொங்கவிட்டால் குரோஷா தன் எடையிலேயே நீண்டு உருக்குலையும். மெல்லிய காடாத் துணியைத் துவைத்து, அதன் மேல் விரிப்பை அங்கங்கே பிடித்துத் தைத்து, அந்தக் காடாத் துணியே எடையைத் தாங்கும்படி குறுந்திரையாக மாட்டலாம். ஆனால் வெயில் விழாத சன்னலாக அது இருக்க வேண்டும். நிற மேசைத்துணியின் மேல் பக்கமேசையிலோ புத்தக அலமாரியின் மேலோ விரிப்பது அதைவிட நல்லது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைப்பது பலருக்கும் பிடித்த யோசனையே என்றாலும், கடலோர ஈரக்காற்றில் கண்ணாடிக்கும் துணிக்கும் இடையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது, சாம்பாரும் ஓரமாக இறங்கிவிடுகிறது.

குறுக்குத் தையல் கட்டில் விரிப்பு உறுதியாக இருந்தால் விருந்தினர் அறைக் கட்டிலிலேயே விரியுங்கள், அதற்காகத்தான் அது தைக்கப்பட்டது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால், மூலைகளில் வளையமோ கிளிப்போ போடாமல், மேல் விளிம்பின் முழு அகலத்துக்கும் பின்புறத்தில் பருத்தித் துணியாலான நீளக் குழல் ஒன்றைக் கையால் தைத்து அதனுள் அலுமினியக் கம்பியை நுழைத்துத் தொங்கவிடுங்கள். எடை பரவலாக விழும், மேட்டித் துணியின் கட்டங்கள் கோணாது.

சட்டமிடும்போது கடைக்காரரிடம் சில விஷயங்களை வற்புறுத்தியே ஆக வேண்டும். துணியை ஃபெவிகால் வைத்து ஒட்டுவதும் ஓரங்களில் ஆணியடிப்பதும் அவர்களுக்குப் பழக்கமான வேலை. பசை நாளடைவில் இறுகித் துணியை விடாது, ஆணி துருப்பிடிக்கும். அமிலமில்லாத மவுன்ட் அட்டையை வாங்கி, அதன் மேல் துவைத்த பருத்தித் துணியைப் போர்த்தி, அந்தத் துணியோடு கைவேலையை நீங்களே தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், சட்டத்தை மட்டும் அவர் பொருத்தினால் போதும். பின்னால் வைக்கும் ஹார்டுபோர்டிலிருந்து கசியும் அமிலம் பழுப்புக் கறையை ஏற்படுத்துமாதலால், அதற்கும் துணிக்கும் நடுவில் அந்த அட்டை இருக்க வேண்டும். கண்ணாடி துணியைத் தொடாதபடி ஓரங்களில் மெல்லிய இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். பாசிமணி மயிலுக்கு இது இன்னும் அவசியம். மணிகளின் உயரத்துக்கு ஏற்ற ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும், கோத்த நூல் இற்றுப்போயிருந்தால் புது நூலை ஒவ்வொரு வரிசை மணியின் மேலும் குறுக்காகப் பிடித்துத் தைத்த பின்னரே அதை நிமிர்த்தி மாட்ட வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் துருவையும் பூச்சியையும்விட அதிகச் சேதம் அதனால்தான் நேர்கிறது. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே வெளிச்சம் தருகின்றன; நேர் வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். இந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பாதது. ஆகவே உங்கள் வீட்டில் வெயில் எட்டாத உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள், பூசையறையின் எண்ணெய்ப்புகையும் சமையலறை ஆவியும் வராத இடமாகவும் அது இருக்கட்டும். எல்லாத் துணிகளையும் ஒரே சமயத்தில் வெளியே வைக்காமல், பருவத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இருளில் ஓய்வு கிடைக்கும். வீடும் புதிதாகத் தோன்றும்.

நாள்தோறும் புழங்கும் பொருளாகத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், பாட்டியின் வடிவத்தைப் புதிய துணியில் மீண்டும் தையுங்கள். பூவேலையை அளவுகோலோடு சேர்த்து நேராகப் படமெடுத்து, அசல் அளவில் அச்சிட்டு, அதன் மேல் தாள் வைத்து வரைந்துகொள்ளலாம். அசலின் மேலேயே பென்சிலோ கார்பனோ படக் கூடாது. குறுக்குத் தையலைக் கட்டம் போட்ட தாளில் எண்ணியே பெயர்த்துவிடலாம். புதுக் குஷனில் பாட்டியின் ரோஜா தைக்கப்பட்டு, அசல் உறை பாதுகாப்பாக இருப்பதையே நான் மிகவும் விரும்புவேன், தைக்கிறவர் ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார் என்பதால். கிழிந்து, செல்லரித்து, இனி ஒட்டவே ஒட்டாது என்றாகிவிட்ட துணியில் மட்டும் நல்ல பூவை வெட்டியெடுத்துச் சிறு சட்டமாகவோ நகைப்பெட்டி மூடியாகவோ ஆக்குங்கள், வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் ஒரு முறை படமெடுத்துவிட்டு.

வெளியே வைக்காத துணிகளைத் தகரப் பெட்டியிலும் பிளாஸ்டிக் உறையிலும் போடாமல், துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, குழாய் போன்ற உருளையில் சுருட்டி மர அலமாரியில் வையுங்கள். வசம்பை முடிச்சாகக் கட்டித் துணியைத் தொடாமல் பக்கத்தில் வைக்கலாம். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. யார் தைத்தது, எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில், யாருடைய திருமணத்துக்கு என்பதைப் பருத்தி நாடாவில் எழுதித் துணியின் பின்புறத்தில் இரண்டு தையலால் பிடித்துவையுங்கள். இவற்றைச் சொல்லக்கூடிய பெரியம்மாவோ அத்தையோ இருந்தால், துணிகளை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கேட்பதை இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

தையற்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளுறை, அடித்துணி, தொங்கவிடுவதற்கான குழல், நிற மேசைத்துணி ஆகிய புதிய துணி வேலைகள் எல்லாவற்றையும் அவர் மெஷினில் தைத்துத் தரட்டும். பழைய துணி அந்த மெஷினின் பல்லுக்கு அடியில் போகாமல், உங்கள் கையால் ஊசி கொண்டு இணைக்கப்பட வேண்டும். கைத்தையல் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால், முதலில் ஒரே ஒரு தலையணை உறையில் தொடங்குங்கள். நூலோட்டம் மட்டுமே தெரிந்தாலும் அந்த வேலைக்குப் போதும்.